கீபோர்டைத் தொடாத ஞாயிறு

ஜூன் 6, வெள்ளி

மறுபடியும் ஒலி வகுப்பு தொடங்கப் போகிறேன். இது என் யோசனை அல்ல. சிங்காநல்லூர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெள்ளியங்கிரி அண்ணனின் தொல்லை தாங்காமல்தான் ஒப்புக்கொண்டேன். இந்த வாரம் நான் அவர் வீட்டுக்கு மூன்று முறை போனது உண்மைதான். அது முருங்கைக்காய் வாங்க.

புதியவர்களுக்கு ஒலி புரோகிராம் எழுதச் சொல்லித் தருவதுதான் வகுப்பு. கம்ப்யூட்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தால் அது ஊதும், பாடும், எதிரொலிக்கும். பதினெட்டு வருடமாக எனக்குச் சோறு போடும் தொழில் இது. கரோக்கே செயலிகளுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் நானும் இரண்டு ஸ்பீக்கர்களும்தான், ஆகவே சண்டை சச்சரவு கிடையாது.

மார்ச்சில் நடத்திய முதல் வகுப்பு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. முதல் ஞாயிறு பேக்கரி மாடியிலுள்ள சங்க ஹால் நிறைந்திருந்தது. மாதக் கடைசியில் நானும் மின்விசிறியும்தான் மிச்சம். என்மேல் ஒரு தவறும் இல்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது.

இந்த முறை செயலாளர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். "அஞ்சு பேராச்சும் வரோணும் தம்பி. அதுக்குக் கீழ போச்சுன்னா ஹாலை ஜும்பா டான்ஸுக்குக் குடுத்துருவேன். அவிங்க க்யூல நிக்கறாங்க" என்றார்.

போனால் போகட்டும், எனக்கென்ன. இரவுக்குள் நோட்டீஸை மூன்று வண்ணத்தில் அச்சடித்து, பேக்கரி, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஐந்து பேர். மிகச் சரியாக ஐந்து பேர்.

கலாமணி, இட்லி மாவுக்கடை வைத்திருக்கும் அம்மா. மாவு பதமானதும் கிரைண்டரின் சத்தம் மாறுமாம். அதைக் கேட்டுப் போன் தானாக மணி அடிக்க வேண்டுமாம். ரெஹானா, பல் டாக்டர். டிரில் சத்தத்துக்கு நேர் எதிரான சத்தத்தை உண்டாக்கி, நோயாளியின் காதில் போட்டு, பயத்தைப் போக்க வேண்டுமாம். ஜெகதீசன், கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுகிறவர். அவருடைய பழைய லேப்டாப் ஒன்று, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் வகுப்புக்கென்று ஹாலிலேயே வைத்துவிட்டார். தினகரனும் சௌமியாவும் புதிதாகத் திருமணமானவர்கள். எதற்காக வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஞாயிறு காலையில் விருந்துக்குப் போகாமல் தப்பிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது போல.

எல்லோருக்கும் முதல் நாளே மலையைப் புரட்ட ஆசை. "முதலில் ஒரே ஒரு 'ஊ' வரட்டும்" என்றேன். ஒலி என்பது கம்ப்யூட்டருக்கு வெறும் எண்கள், ஒரு விநாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எண்கள் என்று விளக்கினேன்.

"அத்தனையும் யாருங்க எண்ணறது?" என்றார் கலாமணி.

"கம்ப்யூட்டர்தான்."

"பாவமுங்க அது."

யாருக்கும் தட்டச்சு வேகமில்லை. நானே ஒவ்வொருவர் லேப்டாப்பையும் வாங்கி அடித்துக் கொடுத்துவிட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. ஐந்து லேப்டாப்பும் சேர்ந்து 'ஊ' என்றபோது கீழே பேக்கரியில் யாரோ ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டார்களாம்.

ஜூன் 9, திங்கள்

இட்லி. வேலை. மழை வருவது போல் இருந்தது, வரவில்லை. இன்று முழுக்க யாரோடும் பேசவில்லை என்பது இரவில்தான் தெரிந்தது. தொண்டைக்கு நல்ல ஓய்வு.

ஜூன் 15, ஞாயிறு

ஒலியின் அளவு பற்றிய பாடம். அளவுக்குப் போடும் எண் 'ஒன்று' என்பதைத் தாண்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். ரெஹானா முப்பது என்று போட்டார். முப்பது சதவீதம் என்று நினைத்தாராம்! ஸ்பீக்கர் அலறிய அலறலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் ஒண்டிப்புதூர் வரைக்கும் போயிருக்கும். பேக்கரிக்காரர் கையில் கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தார். நான் பாய்ந்து லேப்டாப்பைப் பிடுங்கி நிறுத்தினேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சௌமியாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பீக்கர் போயிருந்தால் என்ன ஆவது?

அதற்குப் பிறகு உஷாராகிவிட்டேன். யார் விரல் எந்தப் பக்கம் போகிறது என்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பாக அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடனே நானே அடித்துவிட்டேன். கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு தவறுகூட நடக்கவில்லை. மிக நல்ல வகுப்பு. தினகரன் இரண்டு முறை கொட்டாவி விட்டார், சனி இரவு தூங்கவில்லை போலும்.

ஜூன் 18, புதன்

சட்டை தேய்த்தேன். நீலச் சட்டை. ஞாயிற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் பிறகு மின்சாரம் போய்விட்டால்?

அக்கா கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கூப்பிட்டாள். "கிளாஸ் எடுக்கறியாமா? எதாச்சும் நல்ல பொண்ணு வருதா தம்பி?" என்றாள். எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது என்பது அவள் கணக்கில் இன்னும் ஏறவில்லை. மாவுக்கடைக்காரருக்குக் கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான், டாக்டருக்குக் கணவர் இருக்கிறார், சௌமியாவுக்குக் கணவர் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார் என்று வரிசையாகச் சொன்னேன். "இத்தன வெவரம் தெரிஞ்சு வெச்சிருக்கியே!" என்றாள். ஆசிரியர் என்றால் தெரிந்துதானே ஆக வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எதிரொலிப் பாடம். கல்யாணப் பந்தியை வைத்து விளக்கினேன். பேசியது உடனே வெளியே போகாது. பந்தியில் ஓர் இலையில் போய் உட்காரும். அதன் முறை வரும்போதுதான் எழுந்து வெளியே வரும், எழுந்த இடத்தில் அடுத்தது உட்காரும். பந்தி நீளமாக இருந்தால் எதிரொலி தாமதமாக வரும். ஜெகதீசனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. பாதி வாழ்க்கையைப் பந்திக்குப் பக்கத்தில் கழிப்பவர்.

"சார், இதை நானே அடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கலாமணி கேட்டார்.

"அடுத்த வாரம் பார்க்கலாம்மா, நேரமில்லை" என்று வாங்கி அடித்துக் கொடுத்தேன். நேரம் இருந்தது. ஆனால் அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

வீட்டுப்பாடம்: மைக்கில் பேசியதை முந்நூறு மில்லிசெகண்ட் கழித்துத் திருப்பிச் சொல்லும் புரோகிராம். முந்நூறு மில்லிசெகண்ட் என்றால் கண் சிமிட்டும் நேரம். தவறு இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 25, புதன்

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ரெஹானா ஏதோ நீளமாகப் போட்டுவிட்டு உடனே அழித்துவிட்டார். எழுத்துப் பிழையாக இருக்கும், டாக்டர்களின் எழுத்துதான் ஊரறிந்ததாயிற்றே. நான் "வீட்டுப்பாடம் எப்படிப் போகிறது?" என்று கேட்டேன். ஐந்து பேரும் படித்துவிட்டார்கள், பதில் இல்லை. இதையெல்லாம் நான் கவனிப்பதில்லை.

மாலை வெள்ளியங்கிரி அண்ணனைப் படியில் பார்த்தேன். "அஞ்சும் இருக்குதா?" என்றார். "இருக்கிறது" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

ஹால் சாவி கீழே பேக்கரியில் இருக்கும். இன்று கதவு திறந்திருப்பது கீழிருந்தே தெரிந்ததால் பேக்கரிக்குள் போகாமல் பக்கவாட்டுப் படியில் ஏறிப் போனேன், உள்ளே ஈ காக்கை இல்லை. பெருக்குவதற்காகத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். மேசைமேல் வழக்கம்போல ஜெகதீசனின் பழைய லேப்டாப் திரை கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் மைக். வகுப்பு தொடங்கும் நேரம் ஆகிவிட்டது, ஒருவரையும் காணோம்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ பேசினேன். முக்கியமாக ஒன்றுமில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் பேசியது.

"அலோ. அலோ. மைக் டெஸ்டிங்." கலாமணியின் குரல். அறையில் இருப்பதோ நான் ஒருவன். அக்காவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"ஒண்ணும் வர மாட்டேங்குதே. திருப்பிச் சொல்லோணுமல்ல?" மறுபடியும் கலாமணி.

"உட்டுத்தள்ளுங்கக்கா. சார் வந்து புடுங்கி ரெண்டு நிமிசத்துல அடிச்சுக் குடுத்துருவாரு." இது ஜெகதீசன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்." ரெஹானா. "மூணு வாரமா நான் ஒரு வரிகூட சொந்தமா எழுதல. தப்பு நடக்கறதுக்கு முன்னாடி அவர் கை வந்து நிக்குது. நான் பல்லுப் புடுங்கக் கத்துக்கிட்டப்ப எங்க புரொஃபஸர்கூட இப்படிப் புடுங்கினதில்ல."

சிரிப்பு. பிறகு சௌமியா, "இன்னிக்கே சொல்லிரலாம். அடுத்த வாரத்துல இருந்து நாங்க வரலன்னு."

"யாரு சொல்றது?"

 கடைசியில் கலாமணி, "நல்ல மனுசனுங்க. பாவமா இருக்குது. கீழ போயி டீ குடிச்சுட்டு யோசிக்கலாம் வாங்க" என்றார். நாற்காலிகள் இழுபட்டன, செருப்புச் சத்தம், அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்தது. வரவில்லை என்று எழுதலாம். யார் பார்க்கப் போகிறார்கள். ஆனால் வந்தது.

இருந்தாலும் பதினெட்டு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? ஒரு விசையைத் தட்டினேன், திரை விழித்தது. கலாமணியின் வீட்டுப்பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் போயிருக்கிறார்கள். தாமதம் என்ற இடத்தில் முந்நூறு என்று போட்டிருந்தார். அந்த இடம் விநாடியைத்தான் எதிர்பார்க்கும். முந்நூறு மில்லிசெகண்டுக்குப் பதில் முந்நூறு விநாடி. கண் சிமிட்டும் நேரத்தில் வர வேண்டிய எதிரொலி ஐந்து நிமிடம் கழித்து வருகிறது. எவ்வளவு நீளமான பந்தி! அவர்கள் பேசியதெல்லாம் இப்போதுதான் எழுந்து வந்திருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. அவர்களுக்கு அடுத்து அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பது நான். அக்காவிடம் நான் பேசியது.

ஒரு விசையைத் தட்டினால் நின்றுவிடும். கையை நீட்டினேன், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள்.

"வணக்கமுங் சார்" என்றார் கலாமணி, என் முகத்தைப் பார்க்காமல். "அது என்ற புரோகிராமுங்க. வேலையே செய்யல. நீங்களே அடிச்சுக் குடுத்துருங்க." லேப்டாப்பை என் பக்கம் தள்ளிக்கூட விட்டார்.

கேட்காமலே கிடைத்த வரம். வாங்கி, நிறுத்தி, ஆயிரத்தால் வகுத்து, இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடலாம். என் மானமும் தப்பிக்கும். ஆனால் அதே இரண்டு நிமிடத்தைப் பற்றித்தானே ஜெகதீசன் சொன்னார்.

லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். "நீங்களே கண்டுபிடியுங்க" என்றேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இல்லாவிட்டால் அவை என் பேச்சைக் கேட்காது.

"சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றார் ஜெகதீசன்.

ஐந்து பேரும் திரைமேல் குனிந்தார்கள். கலாமணி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். அந்த முந்நூறைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் தாண்டிப் போனார். என் கைகள் தொடைக்கு அடியில் துள்ளின. இவர் இப்போதே கண்டுபிடித்து நிறுத்திவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அப்போது என் குரல் வந்தது.

"யாரையுமே காணோம்க்கா. இல்ல, கோவமெல்லாம் இல்ல... வாரம் பூரா யாருகிட்டயும் பேசறதில்லக்கா. ஞாயித்துக்கெழம ஒண்ணுதான். சார்னு கூப்புட அஞ்சு பேரு இருக்காங்க."

ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நல்லாப் புரிஞ்சுக்கறாங்கக்கா. அந்த மாவுக்கடையம்மா கேக்கற கேள்வியெல்லாம் எனக்கே தோணாது. நாந்தான் கீபோர்ட புடுங்கிப் புடுங்கி அடிச்சுர்றேன்... ஏன்னு கேட்டா என்ன சொல்றது? அவங்களுக்கே எல்லாம் வந்துருச்சுன்னா, அப்புறம் நான் எதுக்கு?"

 யாராவது ஏதாவது பேச மாட்டார்களா என்றிருந்தது. பேசியது ஸ்பீக்கர்தான்.

"அலோ. அலோ. மைக் டெஸ்டிங்."

நான் தனியாக இருந்தபோது ஸ்பீக்கரில் வந்த அவர்கள் பேச்சையும் மைக் கேட்டுவைத்திருக்கிறது! அது மறுபடியும் பந்தியில் உட்கார்ந்து, இப்போது மறுபடியும் எழுந்து வருகிறது. கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஐந்து பேர் முகத்திலும் ரத்தமே இல்லை. ஜெகதீசன் பாய்ந்து ஸ்பீக்கர் வயரைப் பிடித்தார்.

"நிறுத்தாதீங்க" என்றேன். "ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சுட்டு நிறுத்துங்க."

கேட்டோம். ஆறு பேரும் கோயிலில் இருப்பது போல அசையாமல் கேட்டோம். பல் புடுங்கும் புரொஃபஸர் வந்ததும் ரெஹானா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் முறை கேட்கும்போதுதான் அது எவ்வளவு நல்ல நகைச்சுவை என்று தெரிந்தது. நான் சிரித்ததும் தினகரன் சிரித்தார், பிறகு எல்லோரும். சௌமியாவுக்கு மறுபடியும் விக்கல்.

கலாமணி மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சார், உங்கக்கா எப்பக் கூப்புட்டாங்க?"

போனை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என் குரல் ஸ்பீக்கரில் வந்த நேரத்தை யோசித்தார், போனைப் பார்த்தார், விரலை மடக்கினார்.

"அஞ்சு நிமிசம். அஞ்சு அறுவது முந்நூறு..." என்று முணுமுணுத்தவர், மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அட, வேலை செய்யுதுங்க! முந்நூறு செகண்டு எடுத்துட்டிருக்குது! நான் போட்டது மில்லிசெகண்டுங்க!"

"அப்ப ஆயிரத்தால வகுக்கணும்" என்று கத்தினார் ரெஹானா.

கலாமணி ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். பெருக்கல் குறி போட்டார். அழித்தார். ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தது. சௌமியா எண்ணிப் பார்த்துச் சொன்னார். ஒரு புள்ளி விட்டுப்போய் திரை முழுக்கச் சிவப்பாக எரர் வந்தது, ஐந்து பேரும் சேர்ந்து சண்டை போட்டு அதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலிக்கவே இல்லை, கை மட்டும் மரத்துப் போயிருந்தது.

"சார், ஓட்டட்டுங்களா?"

"ஓட்டுங்க."

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன பேசுவதென்று கலாமணி யோசித்தார். மற்ற நான்கு பேரையும் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள். அலோ என்று சொல்லவில்லை.

"அடுத்த வாரமும் வர்றோமுங் சார்" என்றார்.

கண் சிமிட்டும் நேரத்தில் ஸ்பீக்கரும் சொன்னது: "அடுத்த வாரமும் வர்றோமுங் சார்."

அது வெறும் எதிரொலி என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். ஆனாலும் இரண்டு முறை சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.